தலைகீழ்த் துரட்டிக்கு ஒரு ஃபெயில் சர்டிபிகேட்

சித்தூர்,
19 ஜூன் 2025, வியாழக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனன் பென்னிக்கு,

சுந்தர்சிங் மாமா எழுதுவது. நானும் உன் அக்கா ஜெயகுமாரியும் சுகம். என் சர்க்கரையும் அவள் முழங்காலும் போன கடிதத்தில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, முன்னேறவும் இல்லை, பின்வாங்கவும் இல்லை. நீயும் பிளெஸ்ஸியும் சுகமாக இருக்க வேண்டும், குப்பத்தில் நல்ல மழை பெய்ய வேண்டும், நீ நடத்தும் சபைப் பத்திரிகை அந்தந்த மாதத்திலேயே வெளிவர வேண்டும் என்று தினமும் குடும்ப ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறோம். முதல் இரண்டும் நடந்துவிடும் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதம் மூன்றாம் தேதி உனக்குத் தபாலில், கர்த்தர் செய்த நன்மையைச் சொல்லும் ஒரு சாட்சிக் கட்டுரை அனுப்பினேன் அல்லவா, நான்கு பக்கம், கூடவே பென்சிலில் வரைந்த ஒரு படம்? அதை அச்சிடாதே. ஒரு வரிகூட வேண்டாம். படம் வேண்டவே வேண்டாம். உனக்கு ஆச்சரியமாக இருக்கும். பன்னிரண்டு வருடமாக என் கட்டுரையை வெட்டினாய், வெட்டினாய் என்று உன்னோடு மல்லுக்கு நின்ற மனிதன் நான். 'தண்ணீர் ஏன் கொதிக்கிறது' என்று எழுதி அனுப்பினால், தண்ணீர் கொதிப்பதற்கு முன்னாலேயே 'இடமின்மையால்' என்று போட்டு அடுப்பை அணைத்துவிடுவாய். பிளெஸ்ஸியின் பிறந்தநாள் விருந்தில்கூட இதைச் சொல்லி உன்னோடு பேசாமல் பாயசம் குடித்துவிட்டு வந்தேன். அதே ஆள் இன்று கையெடுத்துக் கேட்கிறேன், இந்த ஒரு கட்டுரையை முழுசாக வெட்டிவிடு. ஒரு வாரமாக உனக்குப் போன் செய்கிறேன். ஒரு பெண் குரல், நீ தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாய் என்று தெலுங்கில் சொல்கிறது. பிளெஸ்ஸிக்குப் போட்டேன், "சொல்றேன் அண்ணா" என்றாள். கல்யாணமாகி இருபது வருடமாக அவள் சொல்லி நீ எதையும் கேட்டதில்லை என்பதால் எழுத்தில் வைக்கிறேன். பக்கத்து வீட்டு நாகபூஷணம் குப்பம் பஸ்ஸில் கண்டக்டர். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அந்த வழியில் டூட்டி, அவர் கையில் கொடுத்தனுப்புவேன்.

ஏன் அச்சிடக்கூடாது என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும். புத்தலப்பட்டு ரோட்டில் உங்கள் அப்பா ஜெயாவுக்குக் கொடுத்த பதினெட்டு மாமரம் இருக்கிறதே, அதில் காய் பறிக்க வருகிறவர் ரமணா. உனக்குத் தெரியும், மாங்காய்க் காம்பு முறிந்தால் பால் பீய்ச்சி அடிக்கும். அது தோலில் பட்டால் புண், காயில் பட்டால் கறுப்புக் கறை. கறை பட்ட காயை மண்டியில் தனியாக ஒதுக்கிவிடுவார்கள். போன வருடம் ரமணாவுக்கு அந்தப் பால் கண்ணிமையில் தெறித்து ஒரு வாரம் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஐம்பத்தைந்து வயது மனிதர் ஒற்றைக் கண்ணோடு வந்து, "பரவால்ல சார், இன்னொரு கண்ணு இருக்குதே, அதால பறிக்கிறேன்" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முப்பத்து நாலு வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்தேன், எல்லாம் யாரோ கண்டுபிடித்தது. நெம்புகோல் யாரோ, கப்பி யாரோ. கர்த்தர் கண் மூடச் சொல்வதற்குள் ஒன்றே ஒன்றாவது நம் பேரில் இருக்கட்டுமே என்று அன்றைக்கு உட்கார்ந்தவன்தான். மூன்று மாதத்தில் ஒரு துரட்டி செய்தேன். எட்டடி மூங்கில், நுனியில் ஒரு வளையம், வளையத்தில் ஒரு கத்தி, கீழே வலைப்பை. காய் வளையத்துக்குள் வந்ததும் கயிற்றை இழுத்தால் கத்தி ஒரு அங்குலம் காம்பு விட்டு அறுக்கும். உடனே பை கவிழ்ந்து காய் தலைகீழாக நிற்கும். பால் காயிலும் படாமல் ஆளிலும் படாமல் ஒரு குழாய் வழியாகத் தூரப் போய் விழும். மாங்காய் சிரசாசனம் செய்கிறது என்று வைத்துக்கொள். அதனால் தலைகீழ்த் துரட்டி என்று பேர் வைத்தேன்.

செய்து முடித்தபோது நவம்பர். நம் சபையில் அறுப்பின் பண்டிகை. நம் வழக்கம் உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. முதல் பூசணி, முதல் கோழி, முதல் குலை, எதுவானாலும் முதலில் வந்தது பீடத்துக்கு, பிறகு மைதானத்தில் ஏலம். என் வாழ்நாளில் முதலாக நான் செய்த பொருள், அதை வீட்டில் வைத்துக்கொள்ள மனசு வருமா? பூசணிக்காய்களுக்கு நடுவில் சாத்தி வைத்தேன். போதகர் ஐயா, "ரெண்டே ரெண்டு நிமிஷம் சாட்சி சொல்லுங்க சார்" என்றார். நவம்பரில் மாங்காய்க்கு எங்கே போவது? பீடத்தில் இருந்த ஒரு கத்தரிக்காயை எடுத்து மைக் கம்பத்தில் நூலால் கட்டித் தொங்கவிட்டு, துரட்டியைத் தூக்கிக் கயிற்றை இழுத்தேன். கத்தரிக்காய் அறுந்து, கவிழ்ந்து, தலைகீழாக நின்றது. சபையே கைதட்டியது. கடைசி பெஞ்சில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது என்று இன்னொரு கத்தரிக்காய். பாடகர் குழுவுக்குப் பக்கவாட்டில் தெரியாது என்று அவர்களுக்கு ஒன்று. இருபத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. போதகர் ஐயா கடிகாரத்தைக் கழற்றி, கையில் வைத்துக்கொண்டே கேட்டார். அதன்பின் ஏலத்தில் துரட்டியை எடுத்தவன் எத்திராஜ். நம் சபை ஆள் இல்லை, என் பழைய மாணவன், மாங்காய் மண்டி வைத்திருக்கிறான். வருடா வருடம் பூசணிக்காக ஏலத்துக்கு வருவான். இந்த வருடம் சாருக்காகத் துரட்டி எடுத்தான்.

மே மாதம் நிஜ மாங்காய் வந்தது. இன்னொரு துரட்டி செய்து தோப்புக்கு எடுத்துப் போனோம். பென்னி, கத்தரிக்காய் என்னை ஏமாற்றிவிட்டது. கத்தரிக்காய்க்குக் காம்பு கெட்டி, முள்ளும் உண்டு, வளையத்துக்குள் அடக்கமாக நிற்கும். மாங்காய் அப்படியில்லை. கத்தி பட்டதும் சுற்றுகிறது. ராட்டினத்தில் ஏறிய குழந்தை மாதிரி ஒரு சுற்று, காம்பு முறுக்கிக்கொண்டு கழுத்தோடு ஒடிகிறது, பால் பைக்குள்ளேயே பீய்ச்சுகிறது. பதினேழு காய் பறித்தோம், பதினேழும் கறை. ரமணா இரண்டு கண்ணையும் முன்ஜாக்கிரதையாக மூடிக்கொண்டே பறித்தார். நான் ஒரு வாரம் சாப்பாட்டில் மனசில்லாமல் இருந்தேன். அப்போது உன் அக்கா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், காற்றில் என் வேட்டி கொடியைச் சுற்றிச் சுற்றி முறுக்குவதைப் பார்த்து ஒரு கிளிப்பை மாட்டினாள். வேட்டி நின்றுவிட்டது. கீழே இறங்கி வந்து என் துரட்டியில் கத்திக்கு மேலே அதே மாதிரி ஒரு துணி கிளிப்பை வைத்துக் கட்டி, "மொதல்ல காம்ப புடிங்க, அப்புறம் அறுங்க. கோழி அறுக்கறப்ப கழுத்த புடிக்காம அறுப்பாங்களா?" என்றாள். மறுநாள் நாற்பது காய் பறித்தோம். ஒன்றில்கூடக் கறை இல்லை. அந்த சந்தோஷத்தில்தான் கிளிப்பு, கத்தி, குழாய் எல்லாவற்றையும் அளவோடு வரைந்து உனக்குச் சாட்சியாக அனுப்பினேன்.

அதற்குப் பிறகுதான் காப்புரிமை, பேட்டண்ட் என்று ஒன்று வாங்க வேண்டும் என்று புத்தி வந்தது. திருப்பதியில் தேவசேனா என்று ஒரு பேட்டண்ட் ஏஜென்ட் இருக்கிறாள் என்று விசாரித்துப் போன் செய்தேன். "பொருள எடுத்துக்கினு வாங்க சார், ஆனா யாருக்கும் தெரியாம மூடி எடுத்துக்கினு வாங்க" என்றாள். போன வியாழக்கிழமை எட்டடித் துரட்டியை ஜெயாவின் மஞ்சள் புடவையில் சுற்றி பஸ் ஏறினேன். அங்கேதான் தப்பு செய்தேன். பஸ் முழுக்க திருமலைக்குப் போகிறவர்கள். மஞ்சள் துணி சுற்றிய கொம்போடு ஒரு கிழவன் ஏறினால் என்ன நினைப்பார்கள்? பெரிய வேண்டுதல் என்று எனக்கு முன்சீட்டு கொடுத்துவிட்டார்கள். பாகாலாவில் ஏறிய ஒரு அம்மாள் துரட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குப் பொய் சொல்ல மனசு வரவில்லை. "அம்மா, இது மாங்காய் பறிக்கிற கொம்பு" என்றேன் மெதுவாக. "எல்லாம் சாமி கொடுத்ததுதானே நைனா" என்று சொல்லிவிட்டு இன்னொரு தடவை ஒற்றிக்கொண்டாள். அது உண்மைதான் என்பதால் நானும் தலையாட்டிவிட்டேன். சந்திரகிரி தாண்டும்போது பஸ்ஸே கோவிந்தா போட்டது. ஸ்தோத்திரம் என்று நானும் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன்.

தேவசேனாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சொந்த ஊர் நகரி, அப்பாவுக்கு விசைத்தறி, வீட்டில் தமிழ், படித்ததெல்லாம் தெலுங்கு. ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் ஆபீஸ். துரட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, டாக்டர் மாதிரி பேனாவை எடுத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"சார், இத யாருக்காச்சும் காட்டினீங்களா?"

"இல்லையம்மா. பஸ்ஸில்கூடத் திறக்கவில்லை."

"வெரி குட். அதுக்கு முன்னாடி?"

"அதற்கு முன்னாடி சபையில் சொன்னேன்."

பேனா நின்றது. "சபைன்னா கமிட்டியா சார்? நாலஞ்சு பேரா?"

"ஆராதனைக்கு வந்தவர்கள். பண்டிகை ஆனதால் முந்நூற்று நாற்பது பேர். பாடகர் குழு தனி."

"எப்புடு சார்? எக்கட?" எப்போது, எங்கே என்கிறாள், பயம் வந்தால் அவளுக்குத் தெலுங்கு வந்துவிடுகிறது. பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, "பர்வாலேது சார், மேலோட்டமாதானே சொல்லியிருப்பீங்க?" என்றாள்.

இங்கேதான் பென்னி, வாத்தியார் பெருமை என்னைக் கெடுத்தது. "நான் எதையும் மேலோட்டமாகச் சொல்வதில்லையம்மா. செய்து காட்டினேன். புரியாதவர்களுக்கு மூன்று தடவை."

"சார், விக்கலியே?"

"சேச்சே! ஏலம் விட்டோம்."

தேவசேனா தலையை மேஜையில் வைத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, "சார், பரீட்சைக்கு முன்னாடியே கேள்வித்தாள் வெளிய வந்துட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். அந்தத் தாளை ரத்து செய்வோம் என்றேன். "இதுவும் அதேதான் சார். விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடி ஊருக்கே சொல்லிட்டா, அப்புறம் அது ஊரோட சொத்து. உங்க பேர்ல தரமாட்டாங்க." இவ்வளவு நல்ல உதாரணத்தை நான் என் சர்வீஸில் கேட்டதில்லை. அதை ரசித்து முடித்த பிறகுதான் அதன் பொருள் எனக்கு உறைத்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. பையில் இருந்த சர்க்கரை வியாதி பிஸ்கட்டைத் தின்றேன். தின்றுகொண்டே, மனசு கேட்காமல், கத்தரிக்காய் ஏமாற்றியதையும், ஜெயா கிளிப் மாட்டியதையும் சொன்னேன். அவள் துள்ளி எழுந்தாள். "அப்ப சபையில காட்டினப்ப கிளிப் இல்லியா?" இல்லை என்றேன். "கிளிப் இல்லாம வேல செய்யாதா?" செய்யாது என்றேன். "அப்ப புதுசா இருக்கறது கிளிப்புதான் சார்! அந்தப் பழைய கொம்பு ஊருக்குப் போகட்டும், இது நமக்கு. கிளிப் விஷயம் யாருக்குத் தெரியும்?" எனக்கு, ஜெயாவுக்கு, ரமணாவுக்கு என்றேன். அவரை வாய் திறக்காமல் இருக்கச் சொல்லுங்கள் என்றாள். "வேற யாருக்கும் தெரியாதே?" அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. குப்பத்தில் என் மைத்துனன், பத்திரிகை ஆசிரியர், நான்கு பக்கம், படம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மறுபடியும் தெலுங்கு.

ஆக எனக்கு இரண்டு வேலை கொடுத்தாள். ஒன்று, உன்னைத் தடுப்பது. இன்னொன்று, எத்திராஜைப் பார்ப்பது. ஏலத்தில் எடுத்த கொம்பை அவன் எப்படி வைத்திருக்கிறான்? அவனே ஏதாவது கிளிப் மாதிரி மாட்டி, மாங்காய் பறித்து, மண்டியில் நாலு பேருக்குக் காட்டியிருந்தால் எல்லாம் முடிந்தது. இல்லையென்றால், அந்தக் கொம்பு மாங்காய்க்கு உதவவில்லை என்று அவன் கையாலேயே எழுதி வாங்கி வரவேண்டும். பின்னால் யாராவது ஆட்சேபம் சொன்னால் காட்டலாமாம்.

சனிக்கிழமை நானும் ஜெயாவும் மண்டிக்குப் போனோம். எத்திராஜ் என்னைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து, சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டான். "இன்னா சார், ஒரு போன் பண்ணா நானே வந்திருப்பேனே! யக்கா, உக்காருக்கா." கொம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"சூப்பர் சார்! ஒரு காய்கூட கறை கெடயாது. பாக்கறவன்லாம் எங்க வாங்கனேன்னு கேக்கறான்."

ஒருவேளை நீயே ஏதாவது மாற்றினாயா என்றேன். "எதுக்கு சார் மாத்தணும்? சார் செஞ்சா அதுல இன்னா குறை இருக்கும்? டெய்லி அதுலதான் பறிச்சிக்கினு இருக்கோம்." அவன் புகழப் புகழ, என் காப்புரிமை என் கண்முன்னால் செத்துக்கொண்டிருந்தது. முப்பது வருடத்துக்கு முன்னால் அவன் இவ்வளவு நன்றாகப் பதில் சொல்லியிருந்தால் அப்போதே பாஸ் ஆகியிருப்பான். அதற்குள் உன் அக்கா எழுந்து, ஷட்டர் பக்கம் மூலையில் சாத்தியிருந்த கொம்பைக் கண்டுபிடித்துத் தடவிப் பார்த்தாள்.

"எத்திராஜு, பொய் சொல்லாத. இதுமேல மாங்காப்பாலு ஒரு பொட்டு இல்ல. ஒட்டடைதான் இருக்குது."

எத்திராஜ் தலையைச் சொறிந்தான். "கோச்சிக்காதீங்க சார். மொதல் நாளே பாத்தேன். காய் உள்ள போயி பம்பரம் மாதிரி சுத்துது, பாலு மொகத்துல அடிக்குது. மூலைல வெச்சிட்டேன். ஷட்டர் இழுக்கறதுக்கு நல்லா இருக்குது சார், ஒட்டடைக்கும் நல்லா இருக்குது. அதான் சார் மனசு நோவக் கூடாதேன்னு..."

நான் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வேலையாட்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். ஆனால் இதை எழுதிக்கொடு என்றதும் எத்திராஜ் இரண்டடி பின்னால் போய்விட்டான். "சாருக்கு எதிராவா? நானா? எங்க நைனாவுக்குத் தெரிஞ்சா செருப்பால அடிப்பாரு." எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், நல்லா இருக்கு என்று வேண்டுமானால் பத்துப் பக்கம் எழுதித் தருகிறேன் என்கிறான். கடைசியில் உதாரணத்துக்குத்தான் போனேன்.

"எட்டாம் வகுப்பில் அறிவியலில் உனக்கு எத்தனை மார்க் போட்டேன்?"

"பதினாலு சார்."

"என்மேல் கோபப்பட்டாயா?"

"இல்ல சார். ஃபெயில் ஆனது நான்தானே."

"இப்போது ஃபெயில் ஆனது என் கொம்பு. நீ திருத்துகிறவன். தயவு பார்க்காமல் மார்க் போடு."

அது அவனுக்குப் பிடித்துவிட்டது. கணக்குப்பிள்ளையை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு எழுதினான். கொம்பு வாங்கியது, காய் சுற்றியது, பால் அடித்தது, ஷட்டர், ஒட்டடை எல்லாம் வந்திருந்தது. கீழே கையெழுத்துக்கு மேல், 'மதிப்பெண்: நூற்றுக்குப் பதினாலு' என்று போட்டிருந்தான். அந்தப் பதினாலு எதற்கப்பா என்று கேட்டேன். "கத்தரிக்காய்க்கு சார்" என்றான். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஆனால் பழக்கதோஷம், பையில் இருந்த சிவப்புப் பேனாவை எடுத்து ஆறு எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டேன். தேவசேனா போனில் அந்தத் தாளின் படத்தைப் பார்த்துவிட்டு, "சார், சாட்சி சொல்றவர் எழுதினதுல நீங்க கை வெச்சா, நீங்களே எழுதிக்கினதா ஆயிடும், வேற வாங்குங்க" என்றாள். திங்கட்கிழமை மறுபடி மண்டிக்குப் போய், அவன் பிழைகளோடு எழுதுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கால் மணி நேரம் எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது இன்னொரு வாத்தியாருக்குத்தான் தெரியும்.

நேற்று புதன்கிழமை அந்தத் தாளை எடுத்துக்கொண்டு இருவரும் திருப்பதிக்குப் போனோம். புடவை இந்த முறை நீலம். தேவசேனா கம்ப்யூட்டரில் விண்ணப்பத்தைத் தயார் செய்துகொண்டிருந்தாள். நான் கைப்பட எழுதிக்கொண்டு போன பதினோரு பக்கத்தைப் படித்துவிட்டு, எதற்கு உரிமை கேட்கிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லவேண்டும் சார் என்றாள். வாக்கியம் எவ்வளவு நீளமானாலும் சரி, முற்றுப்புள்ளி கடைசியில் ஒன்றுதானாம். சின்னச் சின்ன வாக்கியமாக எழுது என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைக் குட்டியவன் நான். அங்கே என் மூங்கில் 'நீளவாக்கில் அமைந்த ஓர் உறுப்பு' ஆயிற்று. கிளிப் 'காம்பை முன்கூட்டியே பற்றும் ஒரு சாதனம்' ஆயிற்று. "நம்ம வீட்டு கிளிப்பா இது?" என்று ஜெயா அசந்துபோனாள். அப்புறம் தேவசேனா, உண்மையான, முதல் கண்டுபிடிப்பாளர் பேர் என்ற கட்டத்துக்கு வந்தாள். சுந்தர்சிங் என்று நான் சொல்லி முடித்துவிட்டேன். அவள் தட்டச்சு செய்துகொண்டே, சாதாரணமாகத்தான் கேட்டாள்: "அந்தக் கிளிப் யோசனை யாருது சார்?"

பென்னி, உன்னிடம் மறைக்கமாட்டேன். ஒன்றே ஒன்று நம் பேரில் என்று எத்தனை நாள் ஆசை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். உன் அக்கா, "எம்பேரு எதுக்கும்மா, துணி காயப்போடறவளுக்கு. அவர் பேரே போடு" என்றாள், நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னாள். அதுதான் என்னை உலுக்கியது. பிட்டு அடித்து எழுதிய தாளை நான் எத்தனை பிள்ளைகள் கையிலிருந்து பிடுங்கியிருக்கிறேன்! பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினாயா என்று கேட்டால் அவர்களும் இப்படித்தான் ஜன்னலைப் பார்ப்பார்கள். "அம்மா, பழைய கொம்பு என்னுடையது, அது நூற்றுக்குப் பதினாலு. மீதி எண்பத்தாறு இவளுடையது. இரண்டு பேரும் போடு" என்றேன். தேவசேனா சிரித்துவிட்டு யார் பேர் முதலில் என்றாள். அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் வரிசைப்படி ஜே முதலில், எஸ் பிறகு என்றேன். ஜெயகுமாரி, சுந்தர்சிங். திரும்பும் பஸ்ஸில் பாகாலா வந்ததும் உன் அக்கா, "அந்தக் கிளிப்பு ஊதா கலருன்னு எழுதியிருக்காங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

விண்ணப்பம் வருகிற திங்கட்கிழமை போகிறது. அதுவரை உன் கையில்தான் இருக்கிறது. உன் ஜூன் இதழ் வழக்கம்போல ஜூலையில்தான் வரும் என்ற தைரியத்தில் இருக்கிறேன். ஒரு வேளை அச்சுக்குப் போயிருந்தால் ஓடிப்போய் மிஷினை நிறுத்து. ரமணாவின் கண்ணுக்காகச் செய். நானே வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், உன் அக்காவின் பேருக்காகச் செய்.

பிளெஸ்ஸிக்கு எங்கள் அன்பு. உங்கள் வீட்டுக் கதவு நன்மைக்குத் திறந்தும் தீமைக்கு மூடியும் இருக்கட்டும். உன் போன் மட்டும் எப்போதும் திறந்தே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னை எப்போதும் நினைக்கும் (இந்த வாரம் கொஞ்சம் அதிகமாக நினைக்கும்)
மாமா சுந்தர்சிங்.

பின்குறிப்பு, சனிக்கிழமை மதியம்: தபாலில் உன் ஜூன் இதழ் வந்துவிட்டது. ஜூன் மாதத்திலேயே! மூன்றாவது ஜெபத்தை ஆண்டவர் இந்த மாதமா கேட்கவேண்டும்? ஜெயாவைப் பிரிக்கச் சொன்னேன். பதினோராம் பக்கத்தில் நான் இருக்கிறேன். 'சித்தூர் சகோ. சுந்தர்சிங் அவர்களின் சாட்சி: கர்த்தர் எனக்குச் செய்த சகல நன்மைகளுக்காகவும் ஸ்தோத்திரம். ஆமென். (இடமின்மையால் சுருக்கப்பட்டது.)' படம் இருக்கவேண்டிய இடத்தில் தையல் மிஷின் விளம்பரம். பென்னி, நான்கு பக்கத்தில் முதல் வரியையும் ஆமெனையும் மட்டும் விட்டுவைத்த உன் கத்தரிக்கோலை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. பாயசத்தன்று பேசாமல் வந்ததற்கு மன்னித்துவிடு. ஆகையால் மேலே நான் கேட்டது எதையும் நீ செய்யவேண்டாம். இன்னொன்று. "அவன் அச்சடிக்கல, ஆனா நீங்க எல்லாத்தயும் இதுல எழுதி கண்டக்டர் கையில குடுக்கறீங்களே" என்கிறாள் ஜெயா. நாகபூஷணம் எந்தக் கடிதத்தையும் படிக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை. ஆகவே இந்த அவசரக் கடிதத்தைத் திங்கட்கிழமைக்குப் பிறகுதான் அனுப்புவேன்.

திங்கட்கிழமை மாலை: விண்ணப்பம் போய்விட்டது. எண் வந்திருக்கிறது. இனி அலுவலகத்தில் பரிசோதித்து முடிவு சொல்ல வருடங்கள் ஆகலாமாம். ஆகட்டும், விடைத்தாள் திருத்த நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியாதா? ரமணா நம் தோப்பில் இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு காய் பறிக்கிறார். எத்திராஜ் மூன்று துரட்டி கேட்டிருக்கிறான், ஊதா கிளிப்போடு. இனிமேல் வெளியே சொல்லலாமா என்று தேவசேனாவிடம் கேட்டேன், தாராளமாக என்றாள். ஆகவே அந்தக் கட்டுரையை ஜூலை இதழில் போடு. நான்கு பக்கமும், படத்தோடு. இந்தக் கடிதத்தையும் சேர்த்துப் போட்டாலும் ஆட்சேபமில்லை. ஆனால் இந்த முறை ஒரு வரி வெட்டினாலும் நான் உன் வீட்டில் பாயசம் குடிக்கமாட்டேன்.

தம்பி, கொஞ்சம் வெட்டு. எம்பேரு வர்ற வரிய மட்டும் உடு. — ஜெயா அக்கா.